சுவரோரக் கழிவுநீர்க் குழாயைக் கம்பி ரம்பத்தால் வெட்டும்போது எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகத் தீர்வுகள்

சுவருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடத்தில் ஹேக்சா சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. அத்தகைய இடங்களுக்கென்றே இருப்பது கம்பி ரம்பம். ஒரு முழத்துக்குக் குறையாத நீளமுள்ள முறுக்கிய எஃகுக் கம்பியும் அதன் இரு முனைகளிலும் இரண்டு கைப்பிடிகளும்தான் அந்தக் கருவி. கம்பியைக் குழாயின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, இரு பிடிகளையும் மாறி மாறி இழுத்தால், வெட்டு குழாயின் முதுகில் தொடங்கி நம்மை நோக்கி வளரும். கம்பி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனே ஆகையால், அது நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலே போதும்.

கருவி எளியது என்பதால் அதைக் கையாளும் முறையும் எளியது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கம்பி அறுந்துபோவதும், பாதி வெட்டில் சிக்கிக்கொள்வதும், வெட்டு கோணலாக ஓடுவதும் தரமற்ற கருவியால் வருபவை என்று முடிவுகட்டுகிறார்கள். என் அனுபவத்தில் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டே காரணங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, இழுப்பில் காட்டும் அவசரத்தால் உண்டாகும் வெப்பம். மற்றொன்று, தாங்கல் இல்லாமல் விடப்பட்ட குழாயின் எடை. எந்த அறிகுறி எந்தக் காரணத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதுதான் இந்த வழிமுறையின் நோக்கம், ஏனெனில் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குத் தீங்காக முடியும்.

கீழே உள்ளவை முதன்மையாகக் கடினமான பி.வி.சி. கழிவுநீர்க் குழாய்களுக்குப் பொருந்தும். வார்ப்பிரும்புக் குழாய்க்கு வேறு கருவி வேண்டும். அதைப் பற்றிப் பின்னர்க் கூறியிருக்கிறேன்.

வெட்டத் தொடங்குமுன்

மேல்தளங்களில் தண்ணீர் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னதோடு நில்லாமல், அனைவரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழிவுநீர் தெறிப்பதற்காக மட்டும் அன்று, அறுந்த கம்பியின் முனை முகத்தை நோக்கித்தான் வரும் என்பதற்காகவும்.

குழாயில் அடைப்பு இருப்பதால்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால், உள்ளே நீர் தேங்கி நிற்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். 110 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. சுவரும் உள்ள குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 8.4 லிட்டர் கொள்ளும். மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் 25 லிட்டர் கழிவுநீர் ஒரே நேரத்தில் உங்கள் மடியில் இறங்கும். குழாயை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெறுமையான இடத்தில் ஒலி எடுப்பாகவும், நீர் நின்ற இடத்தில் மந்தமாகவும் கேட்கும். ஐயம் இருந்தால், வெட்டி நீக்கப்போகும் துண்டில் மட்டும் சிறு துளை ஒன்றிட்டு, வாளி வைத்து வடியவிடுங்கள். அந்தத் துண்டு எப்படியும் வெளியே போகப் போகிறது ஆகையால் துளையால் இழப்பில்லை.

வெட்டும் இடத்துக்கு இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்குள் குழாய் உறுதியாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வெட்டியவர்கள் கீழே கூறப்படும் கோளாறுகளில் பாதியைத் தாங்களே வரவழைத்துக்கொண்டவர்கள் என்பேன்.

அறிகுறி: கம்பி குழாயின் பின்னால் நுழைய மறுக்கிறது

கம்பியை நேரடியாகத் தள்ள முயலாதீர்கள். முறுக்கிய கம்பியைத் தள்ளினால் அது மடியும், மடிந்த இடம் பின்னர் அறும். கழற்றக்கூடிய பிடி என்றால் ஒரு பிடியைக் கழற்றிவிட்டு, கம்பியின் முனையில் மெல்லிய நூலைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து விரல் அகலத்துக்கு நறுக்கிய பட்டை ஒன்று, தன் இயல்பான வளைவினாலேயே குழாயின் முதுகைத் தழுவிக்கொண்டு மறுபுறம் வெளிவரும். அதன் முனையில் நூலை ஒட்டி அனுப்பினால், நூலைத் தொடர்ந்து கம்பியும் வரும்.

பட்டையும் நுழையாவிட்டால், குழாய் சுவரை ஒட்டியே இருக்கிறது என்று பொருள். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் அருகிலுள்ள கிளாம்பின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தினால் சில மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால், வெட்டும் இடத்தைக் குழாயின் சாக்கெட் (அடுத்த குழாய் நுழையும் விரிந்த முனை) பக்கமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். சாக்கெட்டின் தடிப்பு குழாயைச் சுவரிலிருந்து எப்போதும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கும் என்பதால், அதன் அருகில் இடைவெளி இருக்கும். குழாய் பூச்சுக்குள் புதைந்திருந்தால் வேறு வழியில்லை. வெட்டுக்கோட்டின் நேரே பூச்சை உளியால் கொத்திக் கம்பிக்கு வழி செய்தாக வேண்டும். மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ அதே பூச்சுக்குள் போகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: கம்பி வெட்டாமல் குழாயின் மேல் நழுவி ஓடுகிறது

பி.வி.சி.யின் வெளிப்புறம் வழுவழுப்பானது. ஈரமோ பெயின்டோ இருந்தால் இன்னும் வழுக்கும். துணியால் துடைத்து உலர்த்துங்கள். வெட்டுக்கோட்டின் இருமருங்கிலும் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நடுவே கம்பி ஓடுவதற்கு மட்டும் வழி விடுங்கள். அந்த நாடாவின் விளிம்பே கம்பிக்கு வேலியாகிவிடும். முதல் பத்து இழுப்புகளை மெதுவாகவும் அழுத்தமின்றியும் இழுங்கள். தடம் விழுந்த பின் கம்பி தானாகவே அங்கே நிலைகொள்ளும்.

நழுவிய கம்பி குழாயின் மேல் விட்டுச்சென்ற கீறல்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் நீரை அடைக்கும் ரப்பர் வளையம் பின்னர் வந்து உட்காரப் போகும் பகுதியில் அவை இருந்தால், இப்போது அற்பமாகத் தோன்றும் அந்தக் கீறல் நாளைய கசிவாகும்.

அறிகுறி: கம்பி அறுந்துவிட்டது

அறுந்த கம்பியை எறிவதற்கு முன் அது எங்கே அறுந்தது என்று பாருங்கள். அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

கம்பியின் நடுப்பகுதியில், ஒரு சாணுக்கும் குறைவான நீளம் மட்டும் கறுத்து நீலம் பாரித்து அறுந்திருந்தால், நீங்கள் குறுகிய இழுப்புகளாக இழுத்திருக்கிறீர்கள். கம்பியின் ஒரு சிறு பகுதி மட்டுமே திரும்பத் திரும்ப உராய்ந்து, ஆறுவதற்கு நேரமின்றிச் சூடேறி வலுவிழந்திருக்கிறது. கம்பி ரம்பம் வலிமையால் வெட்டுவதன்று, நீளத்தால் வெட்டுவது. ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு பிடி குழாயை நெருங்கும்வரை கம்பியின் முழு நீளமும் ஓட வேண்டும். அப்போது வெப்பமும் தேய்மானமும் கம்பி முழுவதற்கும் பகிரப்படும். வெட்டிலிருந்து வெளியே வரும் பகுதி காற்றில் ஆறிவிட்டு மீண்டும் உள்ளே போகும்.

பிடியை ஒட்டிய இடத்தில் அறுந்திருந்தால், கை முறுக்கியபடி இழுத்ததோ வெடுக்கு வெடுக்கென இழுத்ததோ காரணம். மணிக்கட்டை நேராக வைத்து, இழுப்பின் திசையிலேயே பிடி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிடியை இழுக்கும்போது மறுகை முற்றிலும் தளர்ந்துவிடக்கூடாது. கம்பி தொய்ந்து, உடனே விறைப்பாகும் ஒவ்வொரு முறையும் பிடியின் இணைப்பில்தான் அந்த அடி விழுகிறது.

அறுந்த முனையில் நெளிவு தெரிந்தால், அங்கே முன்பே மடிப்பு இருந்திருக்கிறது. கம்பியைச் சட்டைப் பையில் திணித்து வைப்பவர்களிடம் இது அடிக்கடி நேரும். வேலை முடிந்ததும் கம்பியைக் கழுவித் துடைத்து, அகன்ற வளையமாக ஆணியில் மாட்டி வையுங்கள்.

இவற்றோடு, பலரும் கவனிக்காத நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது இரு கைகளுக்கும் இடையிலான கோணம். கைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, நேராக உங்களை நோக்கி இழுத்தால், கம்பி குழாயின் பாதிச் சுற்றளவைத் தழுவிக்கொள்ளும். 110 மி.மீ. குழாயில் அது ஏறத்தாழ 173 மி.மீ. நீள உராய்வு. கைகளைச் செங்கோணமாக விரித்தால் அது பாதியாகி 86 மி.மீ. ஆகும், 120 பாகைக்கு விரித்தால் 58 மி.மீ. அளவே தொடும். தொடும் நீளம் குறையக் குறைய, உராய்வும் வெப்பமும் குறைந்து கம்பி எளிதாக ஓடும். கம்பியும் கூர்மையாக வளையாது. ஆகவே இடம் அனுமதிக்கும் அளவுக்குக் கைகளை அகல விரியுங்கள். இடமே இல்லையென்றால், பிடிகளில் வலுவான கயிறு கட்டி நீட்டி, கைகளைக் குறுகலான மூலைக்கு வெளியே கொண்டுவந்து விரித்துக்கொள்ளலாம். அல்லது இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மரம் அறுப்போர் போல ஒத்திசைந்து இழுக்கலாம். இருவர் இழுக்கும்போது ஒருவர் இழுக்க, மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இருவருமே வலுவைக் காட்டினால் கம்பிதான் தோற்கும்.

மாற்றுக் கம்பி கையில் இல்லையா? கட்டட வேலையில் மட்டம் பிடிக்கப் பயன்படும் பின்னல் நைலான் நூல் பி.வி.சி.யை வெட்டிவிடும். அது அறுப்பதன்று, உராய்வு வெப்பத்தால் பிளாஸ்டிக்கை இளக்கி ஊடுருவுவது. பி.வி.சி. 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். நைலான் உருகுவதற்கு 200 பாகைக்கு மேல் வேண்டும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் கயிறு ஏறத்தாழ 160 பாகையிலேயே உருகுவதால் பாதியில் அறுந்துவிடும். நைலான் நூலும் ஒருமுறைப் பயன்பாட்டுக்குத்தான். வெட்டின் விளிம்பும் எஃகுக் கம்பியில் கிடைப்பதுபோல் செம்மையாக இராது. அவசரத்துக்கு உதவும் மாற்று என்ற அளவில் மட்டும் அதை ஏற்கிறேன்.

அறிகுறி: பாதி வெட்டில் கம்பி சிக்கிக்கொண்டது

இங்கேதான் பெரும்பாலானோர் தவறான மருந்தைக் கையில் எடுக்கிறார்கள். சிக்கிய கம்பியை வலுவாக இழுப்பதற்கு முன், கையுறையோடு வெட்டின் அருகே குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெட்டு வாயையும் உற்றுப் பாருங்கள்.

குழாய் சூடாக இருந்து, கம்பியின் பின்னால் வெட்டுத்தடம் மெழுகு பூசியதுபோல் மூடிக்கொண்டிருந்தால், அது வெப்பக் கோளாறு. வேகமாக இழுத்ததில் பிளாஸ்டிக் தூளாக உதிராமல் இளகி, கம்பி கடந்து சென்றதும் மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் இழுப்பை நிறுத்தினால், ஆறும் பிளாஸ்டிக் கம்பியைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். ஒரு முனையை மட்டும் பிடித்து, கம்பியின் திசையிலேயே சிறிது சிறிதாக அசைத்துப் பிடியை விடுவியுங்கள். விடுபட்டதும் கம்பியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் துணியால் வழித்தெடுங்கள். அதன் பிறகு வினாடிக்கு ஓர் இழுப்பு என்ற நிதானத்துக்கு மேல் போக வேண்டாம். இருபது முப்பது இழுப்புகளுக்கு ஒருமுறை இழுவிசையைத் தளர்த்தி இடைவெளி விடுங்கள், தளர்த்தாமல் நிறுத்தக்கூடாது. எஃகுக் கம்பி என்றால் வெட்டு வாயில் சில துளி நீர் விடுவதும் நல்லது. அது ஆற்றவும் செய்யும், தூளை வெளியேற்றவும் செய்யும். நைலான் நூலுக்கு இது ஆகாது, ஏனெனில் வெப்பம்தான் அதன் பல்.

மூக்கைக் கடிக்கும் அமில நெடி வந்தால் உடனே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். அளவுமீறிச் சூடான பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். கழிவறை மூலை போன்ற அடைபட்ட இடத்தில் அதைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்ய எந்தக் காரணமும் போதாது.

குழாய் சூடாகவே இல்லை, வெட்டுத்தடமும் தெளிவாக இருக்கிறது, ஆனால் வெட்டு வாய் குறுகிக் கம்பியைக் கவ்வியிருக்கிறது என்றால், அது எடைக் கோளாறு. இதற்கு நீரும் ஓய்வும் பயன்படா. செங்குத்துக் குழாயில் மேலே உள்ள நீளம் முழுவதும் தன் எடையோடு வெட்டின்மேல் அமர்கிறது. கிடைக் குழாயில் இரு தாங்கல்களுக்கு நடுவே வெட்டினால், குழாய் நடுவில் தொய்ந்து, வெட்டின் மேல்புறம் மூடிக்கொள்ளும், கீழ்ப்புறம் திறக்கும். தாங்கலைத் தாண்டிச் சும்மா நீண்டிருக்கும் முனையில் வெட்டினால் இதற்கு நேர்மாறாக மேலே திறந்து கீழே மூடும். எந்தப் பக்கம் மூடுகிறது என்று பார்த்தாலே தாங்கல் எங்கே தேவை என்பது விளங்கிவிடும். தொய்ந்த இடத்தின் கீழே மரக்கட்டையும் ஆப்பும் வைத்து, வெட்டு வாய் திறக்கும்வரை மெல்ல உயர்த்துங்கள். செங்குத்துக் குழாய்க்கு வெட்டின் மேற்புறம் ஒரு கிளாம்பை இறுக்கி, எடையைச் சுவர் ஏற்குமாறு செய்யுங்கள். மேலும், கம்பி கடந்துபோன தடத்தில் கெட்டியான அட்டைத் துண்டு அல்லது மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைத்தால், வெட்டு முன்னேற முன்னேறப் பின்னால் மூடிக்கொள்ளாது.

சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும்: முதலில் எடையால் வாய் குறுகும், குறுகிய வாயில் உராய்வு கூடும், உராய்வால் சூடேறி ஒட்டிக்கொள்ளும். அப்போது எடையை முதலில் சரிசெய்யுங்கள். வெப்பம் தானே அடங்கும்.

அறிகுறி: கடைசியில் கம்பி திடீரென விடுபட்டுக் கை சுவரில் மோதுகிறது

வெட்டு உங்களை நோக்கி வளர்வதால், இறுதியில் கம்பி உங்கள் பக்கமாகவே பாயும். முன்சுவரில் கடைசி சில மில்லிமீட்டர் எஞ்சும்போது இழுவிசையைப் பாதியாகக் குறையுங்கள். முழங்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்புறம் கைக்கு எட்டுமானால், அந்தக் கடைசிப் பகுதியைச் சட்டமில்லாத ஹேக்சா பிளேடால் முடிப்பதையே நான் விரும்புகிறேன்; பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வெட்டு கோணலாகிவிட்டது

கம்பிக்குத் தனக்கென ஒரு நேர்கோடு கிடையாது. இரு கைகளும் சேர்ந்து அமைக்கும் தளத்தில்தான் அது ஓடும். ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருந்தால் வெட்டும் அப்படியே சாயும். குழாயின் பக்கவாட்டில் குந்தி அமர்ந்து இழுப்பவர்களுக்கு இது தவறாமல் நேர்கிறது. நேர் முன்னால் அமர முடியாத இடத்தில், கைகளைக் கண்ணால் அளக்காமல், நாடா வேலியை நம்புங்கள்.

அந்த வேலியை நேராக அமைப்பதற்கு ஒரு தாளின் நேர்விளிம்பு போதும். குழாயைச் சுற்றித் தாளை இறுக்கமாகச் சுற்றி, அந்த நேர்விளிம்பு தன்மேலேயே சரியாகப் படிந்தால், அது குழாய்க்குச் செங்குத்தான வளையமாகும். 110 மி.மீ. குழாயின் சுற்றளவு 346 மி.மீ., 75 மி.மீ. குழாய்க்கு 236 மி.மீ. ஆகையால் தாள் அதைவிட ஒரு கையளவு நீளமாக இருக்கட்டும். பின்புறம் கைக்கு எட்டாதபோது, முன்சொன்ன நூல் உத்தியால் தாளையும் இழுத்துக்கொண்டு வரலாம்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாய்வுக்காக மீண்டும் வெட்ட வேண்டியதில்லை. ரப்பர் வளைய இணைப்பிலும் சரி, சால்வென்ட் சிமென்ட் (பி.வி.சி.யைக் கரைத்து ஒட்டும் பசை) இணைப்பிலும் சரி, நீரை அடைப்பது குழாயின் வெளிப்பரப்பு, வெட்டுமுகம் அன்று. வெட்டுமுகம் சாய்ந்தால் வருவது வேறு தொல்லை. சாக்கெட்டின் உள்ளே ஒருபக்கம் பள்ளம் விழும், அங்கே முடியும் நாரும் தங்கும். சாய்வு அதைவிட அதிகமானால் அரத்தால் தேய்த்து நேராக்குங்கள்.

அறிகுறி: வெட்டிய விளிம்பில் பிசிறு தொங்குகிறது

உட்பிசிறை விட்டுவிடுவது இந்த வேலையில் மிகப் பொதுவான, அதேவேளை மிக எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை. கழிவுநீர்க் குழாயில் முடியைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு கொக்கி போதும், மீதி அடைப்பு அதன்மேல் தானே வளரும். கூரிய கத்தியின் முதுகால் உள்விளிம்பைச் சுரண்டி எடுங்கள். வெளிவிளிம்பில் உள்ள பிசிறோ ரப்பர் வளையத்தைக் கிழிக்கும். ஆகவே அங்கே அரத்தால் ஏறத்தாழ 15 பாகைச் சரிவு கொடுக்க வேண்டும். பின்புறம் அரம் எட்டாவிட்டால், உப்புத்தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, கம்பியைச் சுற்றியதுபோலவே குழாயைச் சுற்றி இருமுனையும் பிடித்து இழுங்கள். கம்பி போன இடத்துக்குப் பட்டையும் போகும்.

அறிகுறி: வெட்டும்போதே குழாயில் விரிசல் ஓடுகிறது

வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த பி.வி.சி. நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். நிறம் மங்கி, நகத்தால் சுரண்டினால் வெண்தூள் வருவது அதன் அடையாளம். அத்தகைய குழாயில் கத்திரி போன்று, பிடியை அழுத்த அழுத்தப் படிப்படியாக இறுகும் ராட்செட் வெட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அதன் அழுத்தமே விரிசலைப் பிறப்பிக்கும். கம்பி ரம்பம் குழாயை நசுக்குவதில்லை என்பதால் இங்கு அதுவே பாதுகாப்பானது. ஆயினும் தாங்கலற்ற குழாய் ஆடினால் இதிலும் விரிசல் ஓடும். விரிசல் கண்டால், கண்ணுக்குத் தெரியும் முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி நல்ல பகுதியில் மறுபடி வெட்டுங்கள், ஏனெனில் விரிசலின் உண்மையான முனை கண்ணுக்குத் தெரிவதைவிட முன்னால் இருக்கும்.

அறிகுறி: எவ்வளவு இழுத்தும் கம்பி கடிக்கவே இல்லை

பெயின்டுக்குக் கீழே இருப்பது பி.வி.சி.தானா? காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் வார்ப்பிரும்பு, கம்பியை வீணாக்காதீர்கள். காந்தமும் ஒட்டவில்லை, சாம்பல் நிறத்தில் சிமென்ட் போலவும் நார்நாராகவும் தெரிகிறது என்றால், அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயாக இருக்கலாம். அதை எந்த ரம்பத்தாலும் அறுக்கக்கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் நோயாகும். வேலையை நிறுத்திவிட்டு, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கறுப்பாக, தொட்டால் மெழுகுபோல் வழுக்கும் பாலிஎதிலீன் குழாய் என்றால், கம்பி கடித்தாலும் தூள் உதிராமல் பிசுபிசுத்து இழுபடும். குழாயைச் சுற்றிச் சுழலும் சக்கர வெட்டியே அதற்கு ஏற்றது.

வார்ப்பிரும்புக்கு உரிய கைக்கருவி சங்கிலி வெட்டி. சிறு வெட்டுச் சக்கரங்கள் கோத்த சங்கிலியைக் குழாயைச் சுற்றி மாட்டி இறுக்கினால், சக்கரங்கள் சுற்றிலும் பதிந்து, குழாய் அந்தக் கோட்டில் உடைந்து பிரியும். ராட்செட் பிடி உள்ள வகையில் பிடியைச் சிறிது தூரம் முன்னும் பின்னும் அசைத்தாலே இறுகும் என்பதால் அது குறுகிய இடத்துக்கு உகந்தது.

சங்கிலி வெட்டியில் வரும் பெருந்தொல்லை, குழாய் கோட்டில் உடையாமல் முட்டை ஓடுபோல் நொறுங்குவது. உட்புறம் துருவால் அரிக்கப்பட்டு மெலிந்த குழாயில் இது நேரும். முன்கூட்டியே சுத்தியலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் சுவர் நலமாக இருக்கிறது. சொத்தையான ஓசை வந்தால் வேறு இடம் தேடுங்கள். இறுக்குவதையும் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். சக்கரங்கள் பதியும் அளவுக்கு இறுக்கி, கருவியைக் குழாயைச் சுற்றி இப்படியும் அப்படியும் சில பாகை அசைத்துக் கீறல் உண்டாக்கி, மீண்டும் இறுக்குங்கள். கீறல் வளையம் முழுமையாக அமைந்துவிட்டால், உடைவதற்கு அதிக விசை தேவைப்படாது. சங்கிலி குழாய்க்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் கீறலின் இரு முனைகளும் சந்திக்காமல் உடைவு படிபோல் வரும். இந்தக் குழாய் மிகவும் கனமானது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே உள்ள நீளத்தைக் கிளாம்பால் தாங்காமல் வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

அறிகுறி: எல்லாம் சரியாக வெட்டிப் பொருத்திய பின்னும் இணைப்பில் கசிவு

கசிவு எந்தப் பக்கம் என்று உலர்ந்த காகிதத்தால் சுற்றிலும் ஒற்றிப் பாருங்கள். ஒரே புள்ளியில் நனைந்தால், முன்சொன்ன நழுவல் கீறலோ கிழிந்த ரப்பர் வளையமோ காரணம். இணைப்பைப் பிரித்து, கீறலை நுண்ணிய உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து மழுக்குங்கள்; நீளவாக்கில் தேய்த்தால் புதிய வாய்க்கால் ஒன்றை நீங்களே வெட்டியதாகும். வளையத்தில் சோப்புக் கரைசல் தடவி மீண்டும் செலுத்துங்கள். எண்ணெயோ கிரீஸோ சில ரப்பர்களை உப்பச் செய்யும் என்பதால் வேண்டாம்.

எதிரெதிரான இரு பக்கங்களில் நனைந்தால் குழாய் முட்டைவடிவாகியிருக்கிறது. வெட்டும்போது மிகையாகச் சூடேறியதோ, கிளாம்பை அளவுமீறி இறுக்கியதோ அதற்குக் காரணம். இரு குறுக்கு விட்டங்களை அளந்து பார்த்து, கிளாம்பைத் தளர்த்தியும் வட்டத்துக்கு மீளாவிட்டால் அந்த முனையை வெட்டி நீக்குங்கள்.

முதல் சில நாட்கள் கசியாமல் இருந்து, பிறகு கசியத் தொடங்கினால், பெரும்பாலும் குழாய் விரிவடைய இடமின்றிப் பொருத்தப்பட்டிருக்கும். பி.வி.சி. ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். மூன்று மீட்டர்க் குழாயில் 20 பாகை வெப்பம் ஏறினால் அது நான்கு மில்லிமீட்டருக்கும் சற்று மேல். ரப்பர் வளைய இணைப்பில் குழாயை அடிவரை தள்ளி, ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிறகு 10 மி.மீ. பின்னுக்கு இழுத்துவிடுங்கள். சரிபார்க்கும்போது ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்ப்பது போதாது. இரண்டு வாளி நீரை ஒரே மூச்சில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.